கதவருகே ஒரு பை

நுழையும்முன்

புயலும் பெருமழையும் மனிதரிடம் நாள் கேட்டு வருவதில்லை. எனினும், அவை வரும் திசையையும் காலத்தையும் ஓரளவு முன்னறியும் ஆற்றலை அறிவியல் இன்று தந்திருக்கிறது. முன்னறிந்த செய்தி வீட்டுவாசலை எட்டியபின் அவ்வீட்டார் செய்ய வேண்டுவது யாது? திருவண்ணாமலை கண்ட ஒரு பேரிடரை முன்வைத்து, ஒரு சிறு பையின் வழியாக இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நடையும் சுமையும்

அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பெருங்கோயில் மலையின் கிழக்கடியில் இருக்க, அடி அண்ணாமலை என்னும் ஊர் அதன் மேற்குப் பக்கத்தில் இப்பாதையை ஒட்டி அமைந்திருக்கிறது. முழுநிலா நாள்தோறும் பெருந்திரளான மக்கள் இவ்வூரின் வழியே நடந்து செல்கின்றனர். நெடுந்தொலைவு நடப்பவர் பெருஞ்சுமை தூக்குவதில்லை. ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு துண்டு, சிறிது சில்லறை, வயது முதிர்ந்தவராயின் வேளைக்குரிய மாத்திரை ஆகியவற்றோடு அவரது பை நிறைவு பெற்றுவிடும். எதை எடுத்துச் செல்வது என்பதைக் காட்டிலும் எதை விட்டுச் செல்வது என்பதையே நடைப்பயணம் முதலில் கற்பிக்கிறது.

தாமே விரும்பித் தொடங்கும் நடைக்கு இவ்வளவு கவனத்தோடு ஆயத்தமாகும் மக்கள், விரும்பாமலே தொடங்க நேரும் நடைக்கு ஆயத்தமாவது அரிது. நள்ளிரவில், கொட்டும் மழையில், மின்சாரம் நின்ற இருளில், முதியவரையும் குழந்தையையும் கைப்பற்றிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நடை அது. அதற்கான பையைக் கதவருகே முன்கூட்டியே வைத்திருப்பது அச்சத்தின் அடையாளம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது அச்சத்தைக் குறைக்கும் வழி; உயிரைக் காக்கும் நேரத்தை ஈட்டித் தரும் வழியும் ஆகும்.

அசையாத மலை அசைந்த நாள்

அண்ணாமலைக்கு அருணாசலம் என்றொரு பெயர் உண்டு. அப்பெயரின் பின்பகுதியாகிய ‘அசலம்’ என்னும் சொல்லுக்கு அசையாதது என்பது பொருள். மலையடிவாரத்தில் வாழ்வோரின் நம்பிக்கையும் அதுவே. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்விழித்துக் காணும் மலை, நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. அம்மலையிலிருந்து ஆபத்து வரக்கூடும் என்று எண்ண மனம் ஒப்புவதில்லை.

2024 நவம்பர் 30 அன்று இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல்கள் பொதுவாக விரைந்து நகர்ந்து வலுவிழக்கும். இப்புயலோ பல மணி நேரம் பெரிதும் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. பின்னர் மழை உள்மாவட்டங்களை நோக்கி நகர்ந்தது. கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையிலும் ஒரு நாள் மழை 50 சென்டிமீட்டரை எட்டியது. புயல் என்பது கடலோர மக்களின் கவலை மட்டுமே என்னும் எண்ணத்தை அம்மழை கரைத்தது.

டிசம்பர் 1 அன்று மாலை, அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறைகளும் பெயர்ந்து அடிவாரத்து வ.உ.சி. நகர் வீடுகளின்மேல் விழுந்தன. ஒரு வீட்டினுள் இருந்த எழுவர் புதையுண்டு இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், சரியும் மண்ணுக்கும் தொங்கும் பாறைக்கும் இடையே பணியாற்றி அவர்களின் உடல்களை மீட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டது. தீபப் பணிக்கு இன்றியமையாதவர் மட்டுமே மலைமேல் அனுப்பப்பட்டனர்; மண்ணின் நிலையைக் கருதிப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மலை சரிவதற்கான காரணம் விளங்காத புதிரன்று. சரிவில் பாறைகள் பலவும் மண்ணின்மேல் அமர்ந்திருக்கின்றன. மழைநீர் மண்ணுக்குள்ளும் பாறை வெடிப்புகளுக்குள்ளும் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது. மண்துகள்களுக்கு இடையில் நிறையும் நீரின் அழுத்தம், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் உராய்வைக் குறைக்கிறது. ஓர் எல்லைக்குமேல் அம்மண் தன்மேல் இருக்கும் பாறையைத் தாங்க இயலாமல் நழுவுகிறது. ஆதலின் மலையடிவாரத்தில் பெய்யும் தொடர்மழை, ஆற்றங்கரையில் ஏறும் வெள்ளத்தைப் போலவே கவனித்தற்குரியது.

பை எதைக் காக்கும்? எதைக் காக்காது?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். கூரையின்மேல் பாறை விழும் நொடியில் எந்தப் பையும் எவரையும் காக்காது. கதவருகே பை இருந்தும் மக்கள் வீட்டிலேயே இருந்தால், அந்தப் பையால் பயன் ஏதும் இல்லை. பையின் பயன் முழுவதும், ஆபத்து நேர்வதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சில மணி நேரம் பல பேரிடர்களில் கிடைக்கவே செய்கிறது. இதே ஃபெஞ்சல் மழையின்போது, திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணைக்கு வெள்ளம் பெருக்கெடுத்து வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அணையிலிருந்து புறப்படும் நீர் கீழுள்ள ஊர்களைச் சென்றடையச் சிறிது காலம் பிடிக்கும். அக்கால இடைவெளிதான் கரையோரக் குடும்பத்துக்கு வாய்க்கும் வாய்ப்பு. அது நள்ளிரவில் வாய்க்குமாயின், விளக்கைத் தேடவும் சான்றிதழைத் தேடவும் செலவிட நேரம் இருக்காது.

முன்னரே வெளியேறுவதால் விளையும் பயனுக்கு ஒடிசா மாநிலம் பெரும் சான்று. 1999 அக்டோபரில் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அதே கடற்கரையைத் தாக்கியது. இம்முறை ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் புயலுக்கு முன்பே பாதுகாப்பிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. காற்றின் சீற்றத்தை எவரும் குறைக்கவில்லை. மக்கள் புறப்பட்ட நேரம் மட்டுமே மாறியிருந்தது.

வாசற்படியில் கழியும் நேரம்

எச்சரிக்கை வந்த பின்னும் மக்கள் ஏன் உடனே புறப்படுவதில்லை? அவர்களுக்கு அறிவில்லை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முறையன்று. அடி அண்ணாமலையில் மலையை ஒட்டி ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். அதில் இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்ணும் பாட்டி, கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர், பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள், ஐந்து வயது மகன், கொட்டிலில் இரண்டு ஆடுகள். இரவு பத்து மணிக்குப் பள்ளிக் கட்டடத்துக்குச் செல்லுமாறு அறிவிப்பு வருகிறது.

வீடு ஒரே நேரத்தில் பல பக்கம் இழுக்கப்படுகிறது. தந்தை பட்டாவைத் தேடுகிறார். தாய்க்குக் குடும்ப அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருகின்றன. மகளின் மனம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நாடுகிறது. பாட்டி, ஆடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார். இவற்றுள் எதுவும் பேராசையன்று. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு தாள் என்பது வீட்டுமனை. ஒரு தாள் என்பது மாதந்தோறும் வரும் அரிசி. ஒரு தாள் என்பது மகளின் கல்லூரி. அத்தாள்களைக் கைவிட்டு வெளியேற அவர்கள் தயங்குவது இயல்பே.

அத்தயக்கத்தை அந்த இரவில் தீர்க்க இயலாது. அமைதியான ஒரு பகற்பொழுதில் குடும்பத்தார் கூடி அமர்ந்து, எதை எடுப்பது, எதை விடுவது, ஆடுகளின் கயிற்றை அவிழ்ப்பது யார், பாட்டியின் கைப்பிடிப்பது யார் என்று முன்னரே முடிவு செய்திருந்தால்தான் தீர்க்க இயலும். அம்முடிவுகள் பொருள்வடிவம் பெற்றுக் கதவருகே தொங்குவதே அவசரக்காலப் பை. அது தோளில் ஏறியவுடன் வீட்டுக்குள் திரும்பிச் செல்வதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

பையின் உள்ளே

முதலில் இடம்பெற வேண்டியவை ஆவணங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளை நீர் புகாத நெகிழி உறையில் இட்டு வைக்கலாம். மூல ஆவணங்கள் அனைத்தும் வீட்டில் ஒரே உறையில், எடுத்துப் பைக்குள் போடும்படி ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். 2015 முதல் செயல்படும் டிஜிலாக்கர் என்னும் அரசு மின்னணுப் பெட்டகத்தில் பல சான்றிதழ்களைச் சேமிக்கலாம். எனினும் மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசியில் அதைத் திறக்க முடியாது. ஆகவே தாள்படியும் தேவை. உறவினர் இருவரின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைப்பதும் இக்காரணம் பற்றியே.

அடுத்தது நீர். ஒருவர் பருகுவதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர், அதாவது 45 கிலோகிராம் ஆகும். அதைச் சுமந்து மழையில் நடக்க எவராலும் இயலாது. எனவே ஆளுக்கு ஒரு லிட்டர் புட்டியும் நீரைத் தூய்மையாக்கும் குளோரின் மாத்திரைகளும் கொள்வதே அறிவுடைமை. எந்தப் பொருளையும் அதன் எடையோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

உணவு, அடுப்பின்றி உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். பழங்காலத்தில் வழிச்செல்வோர் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். இப்பைக்கோ நாள்பட இருக்கும் உணவே ஏற்றது. பொட்டுக்கடலை, வெல்லம், அவல், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் முதலியன எடை குறைந்தவை, பசி தாங்குபவை. வெள்ளக்காலத்தில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். ஆதலின் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில இருத்தல் நலம். அவை கிடைக்காத இடத்து, ஒரு லிட்டர் தூய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகக் கொடுக்கலாம்.

மருந்துகளில் நாள்தோறும் உண்பவையே முதன்மையானவை. பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் படியும் பையில் இருக்க வேண்டும். அவற்றோடு பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, காய்ச்சல் மாத்திரை ஆகியனவும் பெண்களுக்கான மாதவிடாய் நாப்கின்களும் சேர வேண்டும். பாதுகாப்பு முகாம்களில் கூச்சத்தால் கேட்காமல் பெண்கள் துன்புறுவதை இந்தச் சிறு முன்னேற்பாடு தவிர்க்கும்.

இறுதியாகக் கருவிகள் சில. கைவிளக்கு, மாற்று மின்கலங்கள், கைப்பேசிக்கான மின்சேமிப்புக் கருவி, சிறு கத்தி, கயிறு, மெல்லிய போர்வை, மாற்றுடை, சிறு பணத்தாள்களாகச் சிறிது தொகை ஆகியவை போதும். இவற்றுள் மிகச் சிறியதும் மிக மலிவானதும் ஓர் ஊதல். இடிபாட்டுக்குள் சிக்கியவரின் குரல் விரைவில் கம்மிவிடும். ஊதலின் ஒலியோ சிறிய மூச்சிலும் நெடுந்தொலைவு செல்லும்.

பள்ளிப்பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையின் நெறி. அவசரக்காலப் பைக்கும் இந்நெறியை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரே பெரும்பையாகக் கட்டாமல் சுமக்க வல்லார் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பை என்று பிரிப்பது நன்று. இரு கைகளும் ஓய்வாக இருக்குமாறு முதுகில் மாட்டும் பையே ஏற்றது. குழந்தையைத் தூக்கவும் முதியவரைப் பிடிக்கவும் கைகள் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. பச்சை, எச்சரிக்கை ஏதும் இல்லை என்பதையும், மஞ்சள், நிலைமையைக் கவனித்து வருக என்பதையும், ஆரஞ்சு, ஆயத்தமாக இருக்க என்பதையும், சிவப்பு, உடனே செயல்படுக என்பதையும் குறிக்கும். நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனக் கலங்கும் ஓடைநீர், மலையிலிருந்து எழும் உறுமல் ஒலி ஆகியன நிலச்சரிவின் முன்னறிகுறிகள். பேரிடர் உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்னும் எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

எழும் மறுப்புகள்

இப்பையை ஏற்காதோர் கூறும் காரணங்கள் மூன்று. அவை புறந்தள்ளத்தக்கன அல்ல. ஒவ்வொன்றும் விடை கூறத்தக்கது.

பேரிடரை எண்ணிப் பை கட்டுவது கெடுதலை வாவென்று அழைப்பதாகும் என்பர் சிலர். ஆனால் தீபத்திருநாளில் தீயணைப்பு ஊர்தியை நிறுத்திவைப்பதால் தீப்பற்றுவதில்லை. பேறுகாலம் நெருங்கும் வீட்டில் மருத்துவமனைக்குரிய துணிகளை முன்னரே எடுத்து வைப்பதை எவரும் தீய நிமித்தமாகக் கருதுவதில்லை. வரப்போவதை எதிர்நோக்கி ஆயத்தமாகும் பழக்கம் தமிழர் இல்லங்களுக்குப் புதிதன்று.

அன்றாட உணவுக்கே உழைக்கும் குடும்பம் தனியே பொருள் வாங்கி வைக்க இயலாது என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமானது. ஆயினும் பையில் விலை மிகுந்தவை சிலவே. பழைய பள்ளிப்பையும் வீட்டிலுள்ள போர்வையும் பால் உறை போன்ற தடித்த நெகிழி உறையும் காசின்றிக் கிடைப்பவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர் ஆவணங்களையும் மருந்தையும் ஊதலையும் கொண்டு தொடங்கலாம். குறைவாயினும் ஆயத்தமாக இருக்கும் பை, முழுமை கருதித் தள்ளிப்போடப்படும் பையைவிட மேலானது.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. மக்களைக் காப்பது அரசின் கடமையன்றோ? மலைச்சரிவில் குடியிருப்புகள் பெருகவிட்டு, நீர்வழிகளை அடைத்துவிட்டு, மக்களைப் பை கட்டச் சொல்வது பொறுப்பை அவர்கள் தோளில் ஏற்றுவதாகாதா? ஆம், பை ஒருபோதும் நல்ல திட்டமிடலுக்கு ஈடாகாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது, அக்கடமையை வரையறுக்கவே. பாதுகாப்பான குடியிருப்பு, உரிய நேரத்தில் எச்சரிக்கை, சென்றடையத்தக்க முகாம், தூர்வாரிய நீர்வழி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. ஆனால் அவ்வுரிமை நிறைவேறும் நாள்வரை மழை காத்திருக்காது. முன்னரே ஆயத்தமாகும் ஊர், தன் உரிமையையும் தெளிவாகக் கேட்க வல்லது. பையோடு புறப்பட ஆயத்தமாக இருப்பவர்தாம், ‘செல்ல வேண்டிய இடம் எது? அங்கே குடிநீரும் கழிப்பறையும் உண்டா?’ என்னும் வினாக்களை மழைக்காலத்துக்கு முன்பே எழுப்புவர்.

ஒரு வீட்டிலிருந்து ஓர் ஊருக்கு

ஜப்பான் நாட்டில் 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக, 1960 முதல் அந்நாள் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வெளியேறும் பயிற்சி நடைபெறுகிறது. வீடுகளில் அவசரக்காலப் பைகள் சரிபார்க்கப்படுகின்றன. துயரின் நினைவு அங்கே பழக்கமாக மாற்றப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் அத்தகைய நாள்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. புதுவெள்ளத்தை வரவேற்கும் ஆடிப்பெருக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னர் வருகிறது. பழையன கழிக்கும் போகி, அம்மழை ஓய்ந்தபின் வருகிறது. ஆண்டுக்கு இருமுறை, இவ்விரு நாள்களிலும் பையைத் திறந்து காலாவதியான மருந்தையும் பழைய உணவையும் மாற்றலாம், மின்கலங்களைச் சோதிக்கலாம், வளர்ந்துவிட்ட குழந்தையின் உடையைப் புதுப்பிக்கலாம்.

இப்பணியில் மேல்நிலை மாணவர்க்குத் தனி இடம் உண்டு. வானிலை அறிவிப்பைப் படித்து வீட்டாருக்கு விளக்கவும், ஆவணங்களைப் படியெடுத்து அடுக்கவும், மழைநாளில் செல்ல வேண்டிய பாதையை நடந்து பார்த்து எங்கே ஓடை குறுக்கிடுகிறது, எங்கே சுவர் சாய்ந்திருக்கிறது என்று குறிக்கவும் அவர்களால் இயலும். தம் வீட்டுப் பை நிறைந்தபின், அண்டைவீட்டில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார் என்னும் பட்டியலை அவர்கள் உருவாக்கலாம். எழுத்தறிவு பெற்ற தலைமுறை தன் தெருவுக்குச் செய்யத்தக்க தொண்டு அது.

வ.உ.சி. நகரில் உயிரிழந்த ஐந்து சிறுவர்களும் இன்று பள்ளியில் பயில வேண்டியவர்கள். அவர்களின் மரணத்துக்கு எந்த வீட்டின் கவனக்குறைவும் காரணமன்று; அங்கே ஒரு பை இருந்திருந்தால் நிலை மாறியிருக்கும் என்று கூறுவதும் பொருந்தாது. ஆயினும், மலையும் நகரக்கூடும் என்பதை அந்த மாலை உணர்த்திவிட்டது. அதை அறிந்தபின், அடுத்த பெருமழையில் எச்சரிக்கை வரும்போது மலையடிவாரத்து வீடுகள் தாமதமின்றி எழ வேண்டும்.

அடுத்த முழுநிலா நாளிலும் அடி அண்ணாமலையின் வழியே மக்கள் சிறு பைகளோடு நடப்பர். பாதையோரத்து வீடுகளின் கதவருகேயும் ஒரு பை தொங்கட்டும். அது ஒருநாளும் பயன்படாமலே பழசாகுமானால், அதைக் காட்டிலும் மகிழத்தக்கது வேறில்லை.